மால்கம் லாக்ஹீட்

மால்கம் லாக்ஹீட் (1886 – 1958) ஓர் அமெரிக்க இயந்திர வல்லுநரும், தொடக்ககால வானூர்தி உருவாக்குநரும், தொழில்முனைவோரும் ஆவார். தானுந்தின் சக்கரங்களைக் குழாய்களின் வழியே செல்லும் நீர்மத்தின் அழுத்தத்தால் நிறுத்தும் முறைக்கு 1917 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் பிரேக் மிதியை அழுத்தும்போது நிகழ்வது அடிப்படையில் அதே செயல்தான். லாக்ஹீட் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் வானூர்தி நிறுவனமே நினைவுக்கு வரும். அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஆலன் லாக்ஹீட் இவருடைய தம்பி. ஆனால் பெயரை இந்த எழுத்துக்கூட்டலில் முதலில் ஊரறியச் செய்தது மால்கமின் பிரேக் நிறுவனமே.

பெயர்

குடும்பத்தின் பெயர் ஸ்காட்லாந்து வழிவந்தது. குடும்பத்தார் அதை லாக்ஹீட் என்றே ஒலித்தாலும், அதன் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒலிப்பிலிருந்து வெகுவாக விலகியிருந்தது. எழுதியிருப்பதைப் பார்த்துப் படித்த பலர், ஏறத்தாழ மரமண்டை என்று பொருள்படும் விதத்தில் அதை ஒலித்தனர். பொருள் விற்கும் நிறுவனத்துக்கு இது உகந்த பெயராகாது. எனவே மால்கம் தம் பிரேக் நிறுவனத்துக்கு ஒலிப்பை ஒட்டிய எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தினார். 1926 இல் ஆலனும் அவருடைய கூட்டாளிகளும் புதிய வானூர்தி நிறுவனத்தைத் தொடங்கியபோது அதே எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொண்டனர். ஆலன் 1934 இல் தம் பெயரையே சட்டப்படி அவ்வாறு மாற்றிக்கொண்டார்.

இளமை

மால்கம் கலிபோர்னியாவில் வளர்ந்தார். தாய் புளோரா எயின்சு ஓர் எழுத்தாளர். செய்தித்தாள்களில் எழுதியும் புதினங்கள் இயற்றியும் பொருளீட்டியவர். கணவரைப் பிரிந்த பின்னர், பிள்ளைகளை ஒரு பழத்தோட்டத்தில் வைத்து வளர்த்தார். மால்கமும் ஆலனும் பொறியியல் கல்லூரியில் கற்றவர்கள் அல்லர். இயந்திரத்தைப் பிரித்தும் பூட்டியும் தொழில் கற்றவர்கள். அவர்களின் தாய்வழி அண்ணன் விக்டர் ஒரு பொறியாளர். வானூர்திகளைப் பற்றி 1909 இல் நூலொன்றும் வெளியிட்டார். தம்பிகளிடம் பறத்தல் ஆர்வத்தை வளர்த்ததில் அவருக்குப் பங்குண்டு.

மால்கம் 1904 ஆம் ஆண்டளவில் சான் பிரான்சிஸ்கோவில் ஒயிட் நிறுவனத்தின் நீராவித் தானுந்துகளைப் பழுது பார்க்கும் பணியில் சேர்ந்தார். நீராவி வண்டியில் கொதிகலனிலிருந்து இயந்திரம் வரை எல்லாமே குழாய்களும் அவற்றின் இணைப்புகளும்தான். அழுத்தம் தாங்கும் குழாயைக் கசிவின்றிப் பூட்டுவது அங்கே அன்றாட வேலை. பின்னாளில் அவர் எடுத்துக்கொண்ட சிக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிக்கூடம் இருந்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

வானூர்திகள்

சகோதரர்கள் இருவரும் 1912 இல் வாடகைக்கார் நிறுவனம் நடத்திவந்த ஒருவரின் பண உதவியுடன் ஆல்கோ ஐட்ரோ-ஏரோபிளேன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நீரிலிருந்து மேலெழும் வானூர்தி ஒன்றை உருவாக்கினர். மாடல் ஜி எனப் பெயரிடப்பட்ட அவ்வூர்தியை 1913 சூன் 15 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து ஆலன் ஓட்டினார். முதற் பறப்பை முடித்துத் திரும்பியதும் அண்ணனை ஏற்றிக்கொண்டு மீண்டும் பறந்தார். 1915 இல் அந்நகரில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியின்போது, ஆளுக்கு 10 டாலர் கட்டணத்தில் சுமார் 600 பேரை இவ்வூர்தியில் ஏற்றிச் சென்று பொருளீட்டினர்.

அப்பணம் 1916 இல் சாண்டா பார்பராவில் அடுத்த நிறுவனத்தைத் தொடங்க உதவியது. பின்னாளில் தம் பெயரிலேயே வானூர்தி நிறுவனம் நடத்திய ஜாக் நார்த்ராப் அங்கு இளம் வரைவாளராகச் சேர்ந்தார். அங்கு உருவான எப்-1 என்னும் பெரிய பறக்கும் படகு 1918 மார்ச்சில் பறந்தது. 1919 இல் அமெரிக்கா வந்திருந்த பெல்சிய மன்னரும் அரசியும் அதில் பயணம் செய்தனர். எனினும் போர் முடிந்ததும் அரசு தன்னிடம் மிஞ்சிய வானூர்திகளைக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியது. புதிய ஊர்தியை வாங்க ஆளில்லாததால் நிறுவனம் 1921 இல் மூடப்பட்டது. மால்கம் அதற்கு முன்னரே, 1919 இல், விலகி டெட்ராய்ட் நகருக்குச் சென்றுவிட்டார்.

பிரேக் சிக்கல்

அக்காலத் தானுந்துகளில் பிரேக் மிதியையும் சக்கரங்களையும் இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களும் இணைத்தன. பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. முன் சக்கரங்கள் திசை திரும்பவும் வில்லின் மேல் ஏறி இறங்கவும் வேண்டும்; அவற்றுக்குக் கம்பியைக் கொண்டுசெல்வது கடினம். கொண்டுசென்றாலும் நான்கு கம்பிகளின் இழுவிசையும் சமமாக இருக்க அடிக்கடி திருகிச் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கம் சற்று இறுகினாலும் பிரேக் போடும்போது வண்டி அப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வேகம் மிகுந்த வண்டிகள் வரத் தொடங்கியபோது இது உயிருக்கே கேடானது.

மால்கமின் தீர்வு பள்ளியில் படிக்கும் பாஸ்கல் விதியே. மூடிய கலனில் உள்ள நீர்மத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுகிறது. மிதியை 200 நியூட்டன் விசையுடன் அழுத்துவதாகவும், மிதியின் நெம்புகோல் அதை 5 மடங்காக்குவதாகவும் கொள்வோம். 5 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள முதன்மை உருளையின் உந்துதண்டில் 1000 நியூட்டன் விசை விழும். அப்போது குழாயில் தோன்றும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. நான்கு சக்கரங்களின் உருளைகளுக்கும் இதே அழுத்தம் சென்று சேர்கிறது. கம்பிகளைப் போல் இவற்றைச் சமப்படுத்த யாரும் திருக வேண்டியதில்லை.

இந்த எண்ணம் மால்கமுக்கு மட்டுமே தோன்றியதன்று. பிரெட் டூசன்பர்க் 1914 ஆம் ஆண்டிலேயே தம் பந்தயத் தானுந்துகளில் நீர்ம பிரேக்கைப் பயன்படுத்தினார். நான்கு சக்கரங்களிலும் நீர்ம பிரேக்குடன் விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் தானுந்தும் 1921 இன் டூசன்பர்க் மாடல் ஏ தான். வளையும் குழாயை நம்பாத டூசன்பர்க், முன் அச்சின் உட்குடைவின் வழியாகவே நீர்மத்தைச் சக்கரத்துக்கு அனுப்பினார். நேர்த்தியான வேலைதான், ஆயினும் விலையுயர்ந்த வண்டிக்கே அது கட்டுபடியாகும்.

கிரைஸ்லர்

டெட்ராய்ட்டில் மால்கம் நிறுவிய லாக்ஹீட் ஐட்ராலிக் பிரேக் நிறுவனத்துக்குத் திருப்புமுனையாக அமைந்தது 1924 ஆம் ஆண்டு. அவ்வாண்டு சனவரியில் வால்டர் கிரைஸ்லர் தம் பெயரில் வெளியிட்ட முதல் தானுந்து, லாக்ஹீட் நீர்ம பிரேக்கை நான்கு சக்கரங்களிலும் கொண்டிருந்தது. நடுத்தர விலை வண்டி ஒன்றில் இது புதுமை. முதலாண்டிலேயே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன.

ஆனால் மால்கம் கொடுத்த வடிவம் அப்படியே வண்டியில் ஏறவில்லை. உருளைக்குள் நீர்மம் கசியாமல் காப்பதற்கு அவர் பதப்படுத்தாத தோலால் ஆன கிண்ணங்களைப் பயன்படுத்தியிருந்தார். அவை கசிந்தன. கிரைஸ்லரின் பொறியாளர்கள் அவற்றை ரப்பர் கிண்ணங்களாக மாற்றியதோடு வேறு பகுதிகளையும் திருத்தினர். கண்டுபிடிப்பின் பெருமை முழுவதையும் ஒருவருக்கே தருவது எத்துணைப் பிழை என்பதற்கு இது நல்ல சான்று.

ரப்பர் வந்ததும் நீர்மமும் அதற்கேற்ப அமைய வேண்டியிருந்தது. பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். எனவே லாக்ஹீட் பிரேக்குகளின் தொடக்ககால நீர்மம் ஆமணக்கெண்ணெயையும் ஆல்ககாலையும் கலந்து செய்யப்பட்டது. பேச்சு வழக்கில் பிரேக் ஆயில் என்கிறோம். இன்றுள்ள நீர்மங்களில் பெரும்பாலானவை எண்ணெயே அல்ல, கிளைக்கால் வகைச் சேர்மங்கள்.

குழாய்கள்

லாக்ஹீட் முறையின் வலிமையும் அச்சமும் குழாயில்தான் இருந்தன. சட்டகத்தை ஒட்டி உலோகக் குழாய்கள் செல்லும். அசையும் சக்கரத்துக்கு அருகில் மட்டும், துணியிழை சேர்த்த ரப்பர் குழாய் அவற்றோடு இணையும். டூசன்பர்க் அச்சைக் குடைந்து தீர்த்ததை ஒரு முழ நீளத்துக்கும் குறைவான ரப்பர் குழாய் தீர்த்தது. ஆனால் அக்காலத்தில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நீர்மச் சுற்றுதான். எங்கேனும் ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே போய்விடும். கைப்பிரேக் மட்டுமே மிஞ்சும். போர்டு நிறுவனம் இந்த அச்சத்தையே விளம்பரமாக்கி, மிதியிலிருந்து சக்கரம் வரை உருக்குக் கம்பியே பாதுகாப்பானது என்று கூறிவந்தது. 1939 ஆம் ஆண்டு வண்டிகளில்தான் நீர்ம பிரேக்குக்கு மாறியது. அச்சம் அடிப்படையற்றதன்று. அமெரிக்காவில் 1968 முதல் புதிய பயணிகள் தானுந்துகளில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் கட்டாயமாக்கப்பட்டன.

பழந்தானுந்துகளைப் புதுப்பிப்போர் இன்றும் இக்குழாய்களைத் தாமே செய்து பொருத்துகின்றனர். பரவலாகப் பயன்படும் குழாயின் வெளிவிட்டம் ஓர் அங்குலத்தில் 16 இல் 3 பங்கு, அதாவது ஏறத்தாழ 4.76 மில்லிமீட்டர், சுவரின் தடிப்பு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். வெறும் செம்புக் குழாய் வளைக்க எளிது. ஆனால் வண்டியின் அதிர்வில் நாளடைவில் கடினமாகி வெடிப்புறும். செம்பு பூசிய உருக்குத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி உலையில் பற்றவைத்த குழாய் வலுவானது. எனினும் வெளியே துருப்பிடிக்கும். 90 விழுக்காடு செம்பும் 10 விழுக்காடு நிக்கலும் கலந்த குழாய் வளையவும் செய்யும், துருவும் பிடிக்காது என்பதால் பலர் இதையே விரும்புகின்றனர்.

கழற்றிய பழைய குழாயே புதியதற்கு அச்சு. அது கிடைக்காவிடில் மெல்லிய கம்பியை வழி நெடுக வளைத்து நீளம் எடுப்பர். குழாயை அரத்தாளால் அறுக்காமல் சுழல் வெட்டியால் நறுக்கி, உட்பிசிறை நீக்க வேண்டும். உள்ளே விழும் உலோகத்தூள் ரப்பர் கிண்ணத்தைக் கீறிவிடும். பின்னர் நட்டை முதலில் கோத்துக்கொண்டு, அதற்குரிய கருவியால் குழாயின் வாயை விரிக்க வேண்டும். நட்டைக் கோக்காமல் வாயை விரித்துவிட்டு மீண்டும் நறுக்குவது இவ்வேலையில் அனைவரும் அறிந்த வேடிக்கை. உருக்குக் குழாயின் வாயை ஒற்றை மடிப்பாக விரித்தால் ஓரம் வெடிக்கக்கூடும். ஆதலால் அமெரிக்க வண்டிகளில் வாயை உள்நோக்கி மடித்து 45 பாகைச் சாய்வில் இரட்டையாக விரிப்பர். பல பிரித்தானிய வண்டிகளிலோ வாய் குமிழ் போல் புடைத்திருக்கும். ஒன்றுக்குரிய இருக்கையில் மற்றொன்றை எத்தனை இறுக்கினாலும் கசியும்.

குழாயைக் கையால் சட்டென மடக்கினால் நசுங்கும். உருளைமேல் வைத்து மெல்ல வளைப்பர். பொருத்தியதைச் சட்டகத்தோடு பிடிப்பான்களால் இறுக்காவிட்டால் அதிர்வில் தேயும். புகைபோக்கிக்கு அருகில் சென்றால் நீர்மம் சூடாகிக் கொதிக்கும். இறுதியாக, முதன்மை உருளைக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை முற்றும் வெளியேற்ற வேண்டும். நீர்மம் சுருங்காது, காற்றோ சுருங்கும். சிறு குமிழி இருந்தாலும் மிதி பஞ்சு போல் இறங்கும். பழைய ரப்பர் குழாயில் வேறொரு கேடும் உண்டு. வெளியே நன்றாகத் தோன்றும் குழாய் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். அழுத்தும்போது நீர்மம் போகும், காலை எடுத்தபின் திரும்பாது. பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

பிற்கால வாழ்வு

மால்கம் தம் நிறுவனத்தை 1932 இல் பெண்டிக்சு நிறுவனத்துக்கு விற்றார். 1930களின் நடுப்பகுதிக்குள் அமெரிக்கத் தானுந்து நிறுவனங்களில் பெரும்பாலானவை நீர்ம பிரேக்குக்கு மாறின. பிரித்தானியாவில் லாமிங்டன் நகரின் ஆட்டோமோட்டிவ் பிராடக்ட்ஸ் நிறுவனம் லாக்ஹீட் பெயரிலேயே பிரேக்குகளைச் செய்தது. இலங்கையில் பல்லாண்டுகள் ஓடிய மோரிஸ் மைனர் கார்களில் இருந்தவை அவையே.

தம்பியின் 1926 ஆம் ஆண்டு வானூர்தி நிறுவனத்தில் மால்கம் பங்கேற்கவில்லை. அந்நிறுவனம் பின்னர் பிறர் கைக்கு மாறி, 1995 இல் மார்ட்டின் மரியெட்டாவுடன் இணைந்து லாக்ஹீட் மார்ட்டின் ஆனது. மால்கம் 1958 இல் காலமானார். ஆலன் 1969 வரை வாழ்ந்தார்.