பாலைவனத்தில் மொழி பயின்ற இமாம் ஷாஃபிஈ (ரஹ்)

நம் பிள்ளைகள் மாலையில் மதரஸாவுக்குப் போகிறார்கள். அலிஃபில் தொடங்கி குர்ஆனை முழுவதும் ஓதி முடிக்கிறார்கள். நாமும் அப்படித்தான் ஓதினோம். முடித்த அன்று வீட்டில் நெய்ச்சோறு ஆக்கிக் கொண்டாடினார்கள். ஆனால் ஓதியதற்குப் பொருள் என்ன என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் வராது. அரபு மொழியை வாழ்க்கையோடு சேர்த்துக் கற்ற ஒரு மாமேதையின் வரலாறு நமக்குப் பயன் தரும்.

இமாம் முஹம்மது பின் இத்ரீஸ் அஷ்ஷாஃபிஈ அவர்கள் ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) காஸாவில் பிறந்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வஃபாத்தானதும் அதே ஆண்டில்தான். சிறு வயதிலேயே தந்தையை இழந்த குழந்தையைத் தாயார் மக்காவுக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். ஓதிக்கொடுத்த ஆசிரியருக்குக் கூலி கொடுக்கவும் வசதியில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதே கூலியாக ஏற்கப்பட்டது. 7 வயதில் குர்ஆனை மனனம் செய்தார்கள். காகிதம் வாங்கப் பணமில்லாததால் எலும்புகளில் எழுதினார்கள். அலுவலகத்தில் எழுதிக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி, அவற்றின் பின்பக்கத்திலும் எழுதினார்கள்.

குறைஷிக் குலத்தில் பிறந்து மக்காவில் வளர்ந்தவருக்கு அரபு தாய்மொழி. அது போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. பல நாட்டவரும் வந்துபோகும் நகரத்தில் பேச்சு கலந்துவிட்டிருந்தது. தெளிவான அரபுக்கும் கவிதைக்கும் பெயர் பெற்ற ஹுதைல் குலத்தார் வெளியே பாலையிலும் மலைப்பகுதியிலும் வாழ்ந்தார்கள். இமாமவர்கள் அவர்களிடம் போய் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். அவர்கள் பயணப்பட்டபோது கூடவே பயணப்பட்டார்கள். கூடாரம் போட்ட இடத்தில் தாமும் தங்கினார்கள். குதிரையேற்றமும் அம்பெய்தலும் பழகினார்கள். குலவரலாறுகளையும் கவிதைகளையும் மனனம் செய்தார்கள். பிற்காலத்தில் மொழியறிஞர் அஸ்மயீ அவர்களே ஹுதைல் கவிதைகளை இந்த இளைஞரிடம் சரிபார்த்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது.

கடை வைத்திருக்கும் நமக்கு இது புரியாத செய்தியல்ல. பள்ளியில் படித்த மலாய் பரீட்சைக்கு உதவியது. பெரியவரை எப்படி அழைப்பது, மீதிச் சில்லறையை வலக்கையால் எப்படிக் கொடுப்பது, பெருநாளன்று எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதையெல்லாம் வாடிக்கையாளர்களோடு பழகித்தான் கற்றோம்.

இமாமவர்கள் கவிஞராகவே இருந்திருக்கலாம். ஆனால் மார்க்கச் சட்டத்தின் பக்கம் திரும்பினார்கள். மதீனா சென்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டார்கள். முஅத்தா நூலைத் திருத்தமாக ஓதிக்காட்டி ஆசிரியரின் மனத்தைக் கவர்ந்தார்கள். பிறகு எமன், பக்தாத், இறுதியில் எகிப்து என்று வாழ்க்கை நகர்ந்தது.

பாலையில் கற்றது எங்கே பயன்பட்டது என்பதை அவர்களுடைய அர்ரிஸாலா நூல் காட்டுகிறது. கிப்லாவை முன்னோக்கச் சொல்லும் இறைவசனத்தில் ஷத்ர் என்றொரு சொல் வருகிறது. அதற்குப் பாதி என்றும் பொருளுண்டு, திசை என்றும் பொருளுண்டு. இங்கே திசை என்பதே பொருள் என நிறுவ, இமாமவர்கள் அரபுகளின் பழங்கவிதைகளைச் சான்று காட்டினார்கள். அவற்றில் ஹுதைல் கவிஞர் ஒருவரின் கவிதையும் உண்டு. கஃபாவைக் கண்ணால் காணமுடியாத தொலைவில் இருப்பவர்கள் நட்சத்திரம், சூரியன், காற்று, மலை போன்ற அடையாளங்களைக் கொண்டு திசையறிய முயலவேண்டும் என்றும் விளக்கினார்கள். பயணக்கூட்டத்தோடு வாழ்ந்தவருக்கு அந்த அடையாளங்கள் வெறும் சொற்களல்ல. மக்காவிலிருந்து ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாம் தினமும் ஐந்து வேளை திரும்பி நிற்பதும் அந்தத் திசையை நோக்கித்தான்.

ஹிஜ்ரி 204 ரஜபு மாதத்தில் (கி.பி. 820) இமாமவர்கள் எகிப்தில் வஃபாத்தானார்கள். இன்றைய கெய்ரோவில் அவர்களுடைய அடக்கத்தலத்தின் மேல் 1211இல் கட்டப்பட்ட குவிமாடம் இருக்கிறது. இந்த மண்ணின் மலாய் மக்களும், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வந்த நம்மவர்களும் அவர்களுடைய மத்ஹபையே பின்பற்றுகிறோம். ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த சகோதரர்களும் அவர்களை மதித்துப் போற்றுகிறார்கள்.

நம் வாப்பாவை அடக்கிய அன்று, கபுரடியில் ஓதப்பட்ட துஆவுக்குப் பொருள் தெரியாமலே ஆமீன் சொன்னோம். அந்தக் குறை இன்றும் மனத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முஸ்லிமும் தன்னால் இயன்ற அளவு அரபு கற்கவேண்டும். கலிமாவுக்கும் ஓதலுக்கும் தொழுகைக்கும் வேண்டியதையாவது கற்கவேண்டும். அதற்கு மேல் கற்பது நன்மை என்பது இமாமவர்களின் கருத்து. எல்லோரும் பாலைவனம் போகமுடியாது. ஆனால் தினமும் தொழுகையில் சொல்வதன் பொருளை வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்கமுடியும். சலாமுக்கும், சாப்பிடுமுன் சொல்லும் பிஸ்மில்லாவுக்கும், தும்மியவர் சொல்லும் அல்ஹம்துலில்லாவுக்கும் பொருள் சொல்லித் தொடங்கலாம். நம் சங்கத்தின் 50ஆம் ஆண்டில் அதை நம் வீடுகளில் தொடங்குவோம். வல்ல அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக. ஆமீன்.