பாவத்தை அறிந்த குருவானவர்

துப்பறியும் கதை ஒன்று நம்மைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அழைத்துச் செல்லுமா? ஜி. கே. செஸ்டர்டன் எழுதிய நீலச் சிலுவை கதையை வாசித்தபோது நமக்கு அப்படித்தான் தோன்றியது.

செஸ்டர்டன் 1874ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். எழுத்தாளராகப் புகழ்பெற்றிருந்தபோது, யார்க்ஷயரில் ஜான் ஓ'கானர் என்ற கத்தோலிக்கக் குருவைச் சந்தித்தார். மனிதர் செய்யும் தீமைகளை அக்குரு ஆழமாக அறிந்திருந்தது அவரை வியப்பில் ஆழ்த்தியது. குருக்களுக்கு உலகத் தீமை தெரியாது என்று இரு மாணவர்கள் பேசியதையும் பின்னர் கேட்டார். இந்த முரண்பாட்டிலிருந்தே தந்தை பிரவுன் என்ற கதாபாத்திரம் பிறந்தது.

1910இல் வெளிவந்த நீலச் சிலுவையில், குரு வேடமிட்டு வரும் ஃபிளாம்போ என்ற திருடனை எளிய தந்தை பிரவுன் அடையாளம் காண்கிறார். பாவிகளின் அறிக்கைகளைக் கேட்டுக் கேட்டுத் தீமையின் வழிகளை அறிந்தவர் அவர். ஆனாலும் அவர் திருடனை வெறுக்கவில்லை. பிந்தைய கதைகளில் ஃபிளாம்போ மனந்திரும்பி அவருடைய நண்பனாகிறான்.

இதை எழுதியவரோ திருச்சபைக்கு வெளியே இன்னும் 12 ஆண்டுகள் தயங்கி நின்றார். 1922 ஜூலை 30 அன்று பீக்கன்ஸ்ஃபீல்டில், விடுதிக் கூடமொன்றில் அமைந்த சிற்றாலயத்தில், அதே ஓ'கானர் அடிகளார் அவரைத் திருச்சபையில் ஏற்றுக்கொண்டார். தம் பாவங்களிலிருந்து விடுபடவே வந்ததாக அவர் காரணம் கூறினார். மனைவி பிரான்சிஸ் 1926இல் அவரைப் பின்தொடர்ந்தார். செஸ்டர்டன் 1936 ஜூன் 14 அன்று இறைவனடி சேர்ந்தார்.

குருவானவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்றுதானே நாமும் ஒப்புரவைத் தள்ளிப்போடுகிறோம்? அவர் கேட்டிராத பாவம் நம்மிடம் இல்லை. அன்பு உள்ளங்களே, இந்த வாரமே புறப்படுவோம்.