நெஞ்சின் துடிப்பை வரைந்த ஐந்தோவன்

சிவகாசியிற் செய்த வெடி எதிர்பாராது வெடிக்குமாயின், அருகில் நிற்பவர் நெஞ்சம் படபடவெனத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிற்கும் முன்னர் நெஞ்சத்தினுள் நுண்ணிய மின்னோட்டம் ஒன்று எழுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத அதனைத் தெளிவான கோடாக வரைந்து காட்டிய பேரறிஞர் வில்லெம் ஐந்தோவன் ஆவார்.

ஐந்தோவன் 1860ஆம் ஆண்டில், டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த சாவகத் தீவின் செமாராங் நகரிற் பிறந்தார். அவர் சிறுவராயிருந்தபோதே மருத்துவராகிய தந்தை மறைந்தார். தாயார் மக்கள் அறுவரையும் அழைத்துக்கொண்டு தாய்நாடாகிய ஆலந்தை அடைந்தார். பொருள் வளம் இன்மையால், பின்னாளில் படை மருத்துவராகப் பணிபுரிய உடன்பட்டு, அரசின் உதவி பெற்று ஐந்தோவன் மருத்துவம் பயின்றார். இருபத்தைந்தாம் வயதிலேயே லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. அதனால் பெற்ற உதவிப் பணத்தை அரசுக்குத் திருப்பிச் செலுத்தும் கடமையும் அவர்மேல் விழுந்தது.

அக்காலத்தில் நெஞ்சின் மின்னோட்டத்தை அறியப் பாதரசக் கருவி ஒன்று பயன்பட்டது. பாதரசம் மெல்ல அசைவதால் கோடு பிழைபட்டது. நெடிய கணக்குகளிட்டே அதனைத் திருத்த வேண்டியிருந்தது. ஐந்தோவன் இதனால் மனநிறைவு கொள்ளவில்லை. மயிரினும் மெல்லிய படிக இழைக்கு வெள்ளி பூசி, வலிய மின்காந்தத்திடையே நிறுத்தினார். நெஞ்சின் மின்னோட்டம் பாயவே இழை அசைந்தது. அதன் நிழல் ஒளிப்படத் தகட்டில் அலைகளாகப் பதிந்தது. 1903ஆம் ஆண்டில் இதனை விரிவாக வெளியிட்டார். ஏறத்தாழ 270 கிலோகிராம் எடையுள்ள அக்கருவியை இயக்க ஐவர் வேண்டியிருந்தது. அலைகளுக்கு அவர் இட்ட பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

1924ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவரை அடைந்தது. கருவியை உருவாக்க நெடுநாள் துணைநின்ற உதவியாளர் அதற்குமுன்பே இறந்துவிட்டார். வறுமையுற்றிருந்த அவருடைய உடன்பிறந்த மகளிர் இருவரைத் தேடிக் கண்டு, பரிசுப் பணத்திற் பாதியை ஐந்தோவன் அளித்தார் என்பர். 1927ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

1958ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் ஒருவர் உடலினுள் முதன்முதலாக இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. அது மின்துடிப்பு விடுக்குந்தோறும் வரைதாளில் மெல்லிய குத்துக்கோடு தோன்றும். அதனையடுத்து நெஞ்சின் அலை எழுகின்றதா என நோக்கி, கருவி செவ்வனே இயங்குவதை மருத்துவர் அறிவர். விருதுநகரிலாயினும் வேறு எவ்வூரிலாயினும், நெஞ்சின் நிலையை உரைக்கும் அத்தாளில் ஐந்தோவனின் உழைப்பு வாழ்கின்றது. தம் புகழில் துணைவர்க்கும் பங்குண்டு என உணர்ந்த அவர் பண்போ, அவ்வுழைப்பினும் உயர்ந்தது.