சிறைபுகுந்த செல்வி

1942 ஆகஸ்டில் நம் திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்துச் சின்ன அண்ணாமலையை வெளியே கொணர்ந்த வரலாற்றை இவ்வூரில் அறியாதார் இலர். அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, சிறைக்கதவு தானே திறந்தும் பிழைக்க முடியாமற்போன ஒரு பெண்ணைப் பற்றி எழுத ஆவல். அவர்தான் தில்லையாடி வள்ளியம்மை.

தந்தை முனுசாமி முதலியார் புதுச்சேரிக்காரர். தாயின் ஊர் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி. பிழைப்புக்காகக் கடல் கடந்த அக்குடும்பத்தில் 1898 பிப்ரவரி 22-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார் வள்ளியம்மை.

அவரைக் கொடியோடும் கோஷத்தோடும் சேர்த்தே நம் மேடைகளில் பேசுகிறோம். அவரைத் தெருவுக்கு இழுத்த தீர்ப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தென்னாப்பிரிக்காவில் இருந்த கணவரிடம் போய்ச் சேர ஒரு முஸ்லிம் பெண் அனுமதி வேண்டினார். 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி சியர்ல் மறுத்துவிட்டார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து, பதிவும் ஆன திருமணமே செல்லுமாம்! தாலி கட்டியவளும், நிக்காஹ் செய்துகொண்டவளும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணுக்கு மனைவியர் அல்லாதார் ஆயினர். பெற்ற பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயிற்று.

அதுவரை பெண்களைப் போராட்டத்தில் இறக்கத் தயங்கிய காந்தியடிகள் அதன்பின் தயங்கவில்லை. பெண்கள் செய்த 'குற்றம்' என்ன? திருடவில்லை, அடிக்கவில்லை. டிரான்ஸ்வாலுக்கும் நேட்டாலுக்கும் இடையிலுள்ள எல்லையை அனுமதியின்றிக் கடந்தார்கள். நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் அவர்கள் போய்ப் பேசியதும் சுரங்க வேலை நின்றது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது விதித்த 3 பவுன் தலைவரியும் அப்போராட்டத்தின் இலக்கு.

தாயோடு வள்ளியம்மையும் நடந்தார். மணமாகாத பெண்ணுக்கு இதில் என்ன வழக்கு என்று நினைக்கத் தோன்றும். தாயின் மணம் செல்லாது என்றால் மகள் யார் என்ற கேள்வி வருமே! அவருக்கும் அது சொந்த வழக்கே என்பது என் எண்ணம்.

1913 டிசம்பர் 22-இல் 3 மாதக் கடுங்காவல் விதித்து மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பினர். உணவு மோசம், வேலையோ கடுமை. அங்கே காய்ச்சல் பற்றிக்கொண்டது. 1914 ஜனவரி 11-இல் தண்டனைக் காலம் முடியுமுன்பே விடுவித்தனர். பிப்ரவரி 22, பதினாறாம் பிறந்த நாளன்றே உயிர் பிரிந்தது.

அவ்வாண்டின் நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறிற்று. தலைவரி ஒழிந்தது, நம் திருமணங்கள் செல்லுபடியாயின. அந்த ஜூலையில், நாடு திரும்புமுன், பிராம்ஃபான்டீன் இடுகாட்டில் வள்ளியம்மையின் நினைவுக் கல்லைத் திறந்துவைத்துவிட்டுத்தான் காந்தியடிகள் கப்பலேறினார்.