வழி தெரியாம நின்னவர், வழிநடைப் பாட்டு எழுதினார்!



"பெரியவனானா என்னவாகப் போறே?" வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல கேட்கிற கேள்வி இதுதான். பக்கத்து வீட்டுப் பையன் டாக்டர்னு சொல்லுவான், மாமா பையன் இன்ஜினியர்னு சொல்லுவான். நான் மட்டும் முழிப்பேன். ராத்திரி படுத்தா, எல்லாரும் பஸ் ஏறிப் போயிட்ட மாதிரியும், நான் மட்டும் ஸ்டாண்டுல தனியா நிக்கிற மாதிரியும் இருக்கும். உங்கள்ல சில பேருக்கும் இப்படி இருக்கலாம். அதனாலதான் இந்த வாரம் நம்ம ஊர்க்காரர் ஒருத்தரோட கதையை எழுதுறேன்.

அவர்தான் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. காவிரிக் கரையில இருக்கிற மோகனூரில் 1888 அக்டோபர் 19-ஆம் தேதி பிறந்தார். ஏழு பெண்களுக்குப் பிறகு எட்டாவதாகப் பிறந்த செல்லப் பிள்ளை. அப்பா வெங்கடராமன் காவல்துறையில் வேலை பார்த்தவர். அம்மா பெயர் அம்மணி அம்மாள்.

நாமக்கல், கோயம்புத்தூர், திருச்சி என்று மூன்று ஊர்களில் படித்தார். படிப்பு முடிந்ததும் நேரா கவிஞர் ஆயிடலை. நாமக்கல் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். அது ஒத்துவரலை. தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் போனார். அதிலும் நிலைக்கலை. கடைசியில் சின்ன வயசிலிருந்தே கைவந்த ஓவியத்தையே தொழிலாக்கிக்கொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் படத்தை வரைந்து தங்கப் பதக்கமும் பெற்றார்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிங்க. மன்னர் படம் வரைந்து பதக்கம் வாங்கினவரேதான், பிறகு அந்த மன்னரின் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினார்! அரசியலிலும் முதலில் திலகர் வழியில் இருந்தார். அப்புறம் மனம் மாறி காந்தி வழிக்கு வந்தார். பாதை மாறினதுக்காக அவர் வெட்கப்படலை.

செட்டிநாட்டுப் பக்கம் மகாகவி பாரதியைச் சந்தித்தபோது தன் பாட்டைப் பாடிக் காட்டினார். பாரதி மனம்விட்டுப் பாராட்டினார். தூரிகை பிடித்த கை பேனாவையும் இறுகப் பிடித்தது.

1930 ஏப்ரல் 13. ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தே கிளம்பினார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர், சித்திரை வெயில், வழியெல்லாம் போலீஸ் கெடுபிடி. அவங்க பாடிக்கொண்டு நடக்கப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் நம்ம கவிஞர்தான். அப்போ அவருக்கு வயசு 41! போராட்டத்தில் கலந்துகொண்டு ஓராண்டு சிறையிலும் இருந்தார்.

ஜப்பானில் வளர்ந்த ஜென் நெறி இதைத்தான் வேறு விதமாகச் சொல்லுது. அங்கே வில்வித்தை கற்றுக்கொடுக்கும்போது, குறியையே முறைச்சுப் பார்க்கச் சொல்ல மாட்டாங்களாம். நிக்கிற நிலை, விடுற மூச்சு, இழுக்கிற நாண், இதைச் சரியாச் செய்யச் சொல்லுவாங்க. குறி வேண்டாம்னு அர்த்தம் இல்லை. குறியை நினைச்சே பயந்துகிட்டு இருந்தா கை நடுங்கும், அவ்வளவுதான். விறகு வெட்டும்போது விறகு வெட்டு, தண்ணி சுமக்கும்போது தண்ணி சும. தேடுற வழி அந்த வேலைக்குள்ளேயே இருக்குன்னு ஜென் சொல்லுது.

நம்ம கவிஞர் ஜென் துறவி இல்லை, காந்தியவாதி. ஆனா வேதாரண்யம் போனவங்களை நினைச்சுப் பாருங்க. கடல் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த அடி மட்டும்தான் தெரியும். அதை வைச்சாங்க. ஏப்ரல் 30 அன்று உப்பு கைக்கு வந்தது.

கவிஞருக்கும் அப்படித்தான். 1949-இல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர் ஆனார். அப்போ வயசு 60. அவர் எழுதிய மலைக்கள்ளன் நாவல் 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாக வந்தது. 1971-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1972 ஆகஸ்ட் 24-ஆம் தேதி காலமானார். தாலுகா ஆபீஸில் நிலைக்காத அவர் பெயரைத்தான் இன்னைக்குச் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் தாங்கி நிற்குது!

குமாஸ்தா வேலை பார்த்தப்போ யாராவது அவரிடம், "என்னவாகப் போறே?" என்று கேட்டிருந்தா, அரசவைக் கவிஞர்னு சொல்லியிருக்க முடியுமா? அப்படி ஒரு பதவியே அப்போ சென்னை மாகாணத்தில் கிடையாது.

அதனால நண்பர்களே, பதில் தெரியலைன்னா தோத்துட்டோம்னு அர்த்தம் இல்லை. அதுக்காகச் சும்மா உட்காரவும் கூடாது. அடுத்த முறை மாமா கேட்டா நான் சொல்லப்போற பதில் ரெடி: "இன்னும் தெரியலை மாமா. இன்னைக்குக் கணக்குப் பாடம் நாலாவது பயிற்சி முடிக்கணும், அது தெரியும்."

சிந்திக்க: உங்க அடுத்த அடி எது?


– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்