மணலியில் கேட்ட மேலையிசை

திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் விளங்கும் நம் பாடிக்கு வடகிழக்கே, சில கல் தொலைவில் உள்ளது மணலி. கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் இளையவரான முத்துசுவாமி தீட்சிதரின் இளமையோடு பிணைந்த ஊர் அது.

1776ஆம் ஆண்டு, மன்மத வருடப் பங்குனியில், திருவாரூரில் பிறந்தார் தீட்சிதர். தந்தை இராமசுவாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி இராகத்தை ஆக்கியவர் எனப் போற்றப்படுபவர். மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் குடும்பம் மணலியில் வாழ்ந்தது. அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு உடன்பிறந்தார்க்குக் கிட்டியது. தம்பி பாலுசுவாமி வயலின் பயின்று, அக்கருவியை நம் இசைக்கு உரியதாக்கிய முன்னோடியானார். தமையனோ மெட்டுகளை உளத்தில் வாங்கிக்கொண்டார்.

பின்னர் சிதம்பரநாத யோகியுடன் காசி சென்று சில ஆண்டுகள் தங்கினார். திரும்பியபின் திருத்தணிகை முருகன் சந்நிதியில் முதற்கிருதி பிறந்தது என்பது மரபு. குருகுக என்னும் முத்திரை அம்முருகனைக் குறிப்பதே. தலந்தோறும் சென்று கிருதிகள் இயற்றிய அப்பெரியார், மேலை மெட்டுகளுக்கும் வடமொழிச் சொற்கள் அமைத்தார். சங்கராபரணத்தில் அமைந்த அவை நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப் பெயர்பெற்றன.

மேலையிசை ஒத்திசைவின்மேல் நிற்பது. ச, க, ப மூன்றும் ஒருங்கொலிப்பது ஒரு சுரக்கூட்டு. அதனைக் கார்டு என்பர். க அடியில் நிற்பினும், ப அடியில் நிற்பினும் கூட்டு அதுவே. நிற்கும் நிலை மட்டுமே மாறும். ப, நி, ரி என்னும் கூட்டு செவியில் ஓர் ஏக்கத்தை எழுப்பும். ச, க, ப எனத் திரும்புகையில் அது தணியும். வாக்கியம் முற்றுப்பெறுவது போன்ற இம்முடிப்பைக் கேடன்ஸ் என வழங்குவர்.

நம் இசையில் கூட்டொலி இல்லை. ஒரே சுருதி மாறாது நிற்கிறது. ஆயின் மெட்டில் அக்கூட்டு மறைந்தே கிடக்கும். ரேக்ஸ் ஆஃப் மாலோ என்னும் அயர்லாந்து மெட்டில் அமைந்த வந்தே மீனாக்ஷியைப் பாடிப் பார்ப்போர் இதனை உணர்வர். முதலில் ச, க மாறி மாறி வரும். அடுத்து நி, ரி மாறி மாறி வரும். பின் சட்ஜத்தில் அடங்கும். ஒருங்கொலிக்க வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாய் ஒலிக்கின்றன. இரண்டாம் கூட்டில் பஞ்சமம் மெட்டில் இல்லை. நிஷாதமே அடியில் நிற்கிறது. அடியில் தம்பூராவின் சட்ஜம் அசையாதிருக்க, அதனோடு உரசும் நிஷாதம் தானே சட்ஜத்தை நாடுகிறது. கூட்டின் துணையின்றியே முடிப்பு கைகூடுகிறது.

இது ஆளவந்தோரைப் பின்பற்றியதோ என்று ஐயுறுவாரும் உளர். ஆங்கிலேயர் தம் அரசனை வாழ்த்தும் மெட்டுக்குத் தீட்சிதர் அமைத்தது, சங்கீத சியாமளையைக் காக்க வேண்டும் சந்ததம் பாஹிமாம். மெட்டு அயலது, வணக்கம் அம்பிகைக்குரியது. ஏற்பதும் பணிவதும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வாழ்வின் இறுதியில் தம்பி பாலுசுவாமி அரசவை வித்துவானாய் விளங்கிய எட்டயபுரம் சென்ற தீட்சிதர், 1835ஆம் ஆண்டுத் தீபாவளித் திருநாளில் அங்கேயே மறைந்தார். அவர் நினைவிடம் அவ்வூரில் உள்ளது.

அயல் வடிவங்களைத் தமிழில் பயில முனையும் கவிஞர்க்கு அவர் வாழ்வு ஒன்றை உணர்த்துகிறது: வடிவம் எங்கிருந்தும் வரலாம், அது வந்து அடங்கும் ஆதார சுருதி நம்முடையதாய் இருத்தல் வேண்டும்.