காரின் உடலில் ஆண்டை எழுதியவர்

மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளின் ஓட்டம் 2023 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. அந்தக் காரைப் பின்னாலிருந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். பின்சக்கரங்களின் மேல் ஓடும் தகட்டின் விளிம்பு, விளக்கை நெருங்கும் இடத்தில் சற்றே கூர்மையாக எழுந்து நிற்கும். மீனின் துடுப்பைச் சிறிதாக்கி வைத்தாற்போன்ற மடிப்பு அது. அதனால் வண்டியின் வேகமும் கூடவில்லை, இடமும் கூடவில்லை. பிறகு அது ஏன் அங்கே இருந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப்போனபோதுதான் ஒரு மனிதரின் வாழ்க்கையில் போய் நின்றேன்.

நான் வளர்ந்த தெருவில் கார்களை அடையாளம் காண்பது பெரிய வித்தையாக இருந்ததில்லை. அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றே முகங்கள். எப்போதாவது ஒரு பழைய மாரிஸ் மைனர். பிற்காலத்தில் பழங்கார் அணிவகுப்புகளுக்குப் போகத் தொடங்கியபோது வேறு வகையான அடையாளம் காணுதல் ஒன்று இருப்பதை அறிந்தேன். அங்கே கூடும் ஆர்வலர்கள் ஓர் அமெரிக்கக் காரைப் பார்த்ததும் அது கேடிலாக் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. துடுப்பின் உயரத்தையும் விளக்கின் வடிவத்தையும் ஒரு நொடி பார்த்துவிட்டு, எந்த ஆண்டுக் கேடிலாக் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். இதைப் பார்ப்பவரின் கூர்மை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அது பாதி உண்மைதான். அப்படி ஆண்டோடு சேர்த்து அடையாளம் காணப்பட வேண்டும் என்பதற்காகவே அந்தக் கார்களை உருவாக்கினார் ஒருவர். அவர் பெயர் ஹார்லி ஏர்ல்.

1893 நவம்பர் 22 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் ஹாலிவுட் பகுதியில் ஏர்ல் பிறந்தார். தந்தை குதிரை வண்டிகளுக்குக் கூடு கட்டும் தொழிலாளி. 1908இல் அத்தொழிலைக் கார்களுக்கு மாற்றிக்கொண்டார். அதே காலத்தில் அவ்வூர் திரைப்படத் தலைநகராக மாறத் தொடங்கியிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மகன், பட்டம் பெறாமலே பட்டறைக்குத் திரும்பினார். வாடிக்கையாளர்களாக வந்தவர்கள் சினிமாக்காரர்கள். நகைச்சுவை நடிகர் ஃபேட்டி ஆர்பக்கிளுக்கும் கௌபாய் நாயகன் டாம் மிக்ஸுக்கும் அங்கே கார்கள் உருவாயின. டாம் மிக்ஸின் காரில் குதிரைச் சேணமே பொருத்தப்பட்டிருந்ததாகச் சொல்வார்கள். கார் என்பது போய்ச் சேர்வதற்கு மட்டுமன்று, போகும்போது பார்க்கப்படுவதற்கும்தான் என்ற பாடத்தை ஏர்ல் பல்கலைக்கழகத்தில் கற்கவில்லை. இந்த வாடிக்கையாளர்களிடம்தான் கற்றார்.

1919இல் கலிபோர்னியாவின் கேடிலாக் விற்பனையாளர் டான் லீ அந்தப் பட்டறையை விலைக்கு வாங்கி, ஏர்லையே அதன் வடிவமைப்புப் பொறுப்பில் வைத்துக்கொண்டார். அங்கே வந்த கேடிலாக் நிறுவனத் தலைவர் லாரன்ஸ் ஃபிஷர் ஒரு விந்தையைக் கண்டார். மற்ற இடங்களில் பானட்டைத் தனியாக, மட்கார்டைத் தனியாக, பயணிகள் கூட்டைத் தனியாகச் செய்து கடைசியில் இணைப்பார்கள். ஏர்ல் முழுக் காரையும் களிமண்ணில் வனைந்து பார்த்தார். களிமண்ணுக்கு மூட்டு இல்லை. ஒரு கோடு முகப்பு விளக்கில் தொடங்கிப் பின் பம்பர்வரை அறுபடாமல் ஓட முடியும். பிடிக்கவில்லை என்றால் சுரண்டிவிட்டு மறுபடி அப்பலாம். உலகின் கார் வடிவமைப்புக் கூடங்களில் களிமண் இன்றும் புழங்குகிறது.

ஃபிஷரின் அழைப்பில் டெட்ராய்ட் சென்று அவர் வடிவமைத்த லாசால் கார் 1927இல் வெளிவந்தது. ஐரோப்பாவின் ஹிஸ்பானோ சூய்சா காரின் சாயல் அதில் உண்டு என்பதை ஏர்ல் மறைக்கவில்லை.

1927 என்ற ஆண்டு இக்கதையில் முக்கியமானது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி அந்த ஆண்டில்தான் நின்றது. 1908 முதல் ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற அந்தக் கார், ஏறக்குறைய ஒரே முகத்துடன் ஓடிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் கறுப்பைத் தவிர வேறு நிறமும் அதற்கில்லை. பழைய மாடல் டியும் புதிய மாடல் டியும் அருகருகே நின்றால், புதிது எது என்று பக்கத்து வீட்டுக்காரரால் எளிதில் சொல்ல இயலாது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் இந்த இடத்தில்தான் தம் வணிகத்தைக் கண்டார். கார் தேவைப்பட்டவர்களில் பெரும்பாலோர் வாங்கிவிட்டார்கள். இனி, கார் வைத்திருப்பவர்களுக்கே மறுபடி கார் விற்க வேண்டும். அதற்கு அவர்களுடைய கார் பழுதாக வேண்டியதில்லை, பழசாகத் தெரிந்தால் போதும். அந்த ஆண்டே அவர் ஐம்பது பேர் கொண்ட கலை, வண்ணப் பிரிவு ஒன்றை உருவாக்கி ஏர்லிடம் ஒப்படைத்தார்.

பொறியாளர்களின் கோட்டைக்குள் நுழைந்த இந்த ஹாலிவுட்காரர் முதலில் சறுக்கினார். 1929 பியூக் காரின் பக்கவாட்டில், சன்னலுக்குக் கீழே மெல்லிய புடைப்பு ஒன்றை அவர் வரைவித்திருந்தார். தொழிற்சாலை தன் வசதிக்கு அளவுகளை மாற்றிக்கொண்டதால் புடைப்பு பெருத்துவிட்டது. மக்கள் அதைக் கர்ப்பிணி பியூக் என்று கேலி செய்தார்கள், விற்பனை சரிந்தது. ஏர்ல் இதிலிருந்து கற்றது அழகியல் பாடமன்று, அதிகாரப் பாடம். தம் கூடத்திலிருந்து வெளியேறும் வடிவத்தில் வேறு எவரும் கைவைக்க முடியாத நிலையை அடுத்த பத்தாண்டுகளில் உருவாக்கிக்கொண்டார். 1940இல் நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரானார். அமெரிக்கக் கார்த் துறையில் அதற்குமுன் எந்த வடிவமைப்பாளரும் அந்தப் பதவியைத் தொட்டதில்லை.

ஆறடிக்கு மேல் உயரம். கண்ணைப் பறிக்கும் நிறங்களில் உடை. கீழே பணிபுரிந்தோர் நடுங்கும் சுபாவம். ஆனால் அவர் பெரும்பாலும் தாமே வரைந்தவர் அல்லர். தாம் விரும்புவதைச் சொற்களில் விளக்கவும் தடுமாறுவார் என்கிறார்கள். நாற்காலியில் அமர்ந்து, களிமண் உருவத்தின் கோட்டை இன்னும் சற்று இறக்கச் சொல்வார், இறக்கியதும் மறுபடி ஏற்றச் சொல்வார். திரைப்பட இயக்குநரை இங்கே நினைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆகவே அவர் பெயரில் நாம் வியக்கும் பல கோடுகள் பெயர் தெரியாத இளைஞர்களின் கைவண்ணம். ஆனால் இறுதியாகத் தேர்ந்த கண் ஒன்றே. அந்தக் கண்ணுக்கு வாழ்நாள் முழுதும் ஒரே நோக்கம்தான்: காரை நீளமாக்குவது, தாழ்வாக்குவது. 1920களின் கார் நிமிர்ந்து நின்ற பெட்டி. 1950களின் கார் தரையோடு படுத்த அம்பு. நடுவில் நிகழ்ந்தவற்றில் கணிசமான பங்கு அவருடையது.

1938இல் அவர் உருவாக்கிய பியூக் ஒய்-ஜாப், விற்பனைக்கன்றி எதிர்காலத்தைக் காட்டுவதற்காகவே கட்டப்பட்ட முதல் கார் எனப்படுகிறது. மூடிக்கொள்ளும் முகப்பு விளக்குகள், மின்சாரத்தில் இறங்கும் கண்ணாடிகள், உடலோடு ஒன்றிய கதவுப்பிடிகள். பக்கவாட்டில் ஏறி நிற்கும் ஃபுட்போர்டு இல்லவே இல்லை.

இனி அந்தத் துடுப்பு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்குவதற்கு முன்பு, 1941இல், டெட்ராய்டுக்கு அருகிலிருந்த செல்ஃபிரிட்ஜ் விமானத் தளத்தில் லாக்ஹீட் பி-38 என்ற புதிய போர்விமானத்தைப் பார்க்க ஏர்ல் தம் ஆட்களை அழைத்துச் சென்றார். இரட்டை உடலும் இரட்டை வாலும் கொண்ட விமானம் அது. போர் முடிந்ததும் அந்த வால், 1948 கேடிலாக்கின் பின்விளக்குகளுக்கு மேலே இரண்டு சிறு மேடுகளாக எழுந்தது. அடுத்த ஆண்டு பியூக் கார்களின் முன்பக்கவாட்டில் வட்டத் துளைகள் வந்தன. விலையுயர்ந்த ரோட்மாஸ்டருக்கு நான்கு, அதற்குக் கீழானவற்றுக்கு மூன்று. எதிரே வருபவரின் வசதியைத் துளைகளை எண்ணியே அறியலாம் என்றால், நான்கு துளைக்காரர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

இதன் இயந்திரக் கணக்கு எளியது. தகட்டை அழுத்தும் அச்சுகளுக்குச் செலவு மிகுதி. ஆண்டுதோறும் முழு உடலையும் மாற்ற முடியாது. ஆகவே கூட்டைச் சில ஆண்டுகள் வைத்துக்கொண்டு, கண் முதலில் படும் இடங்களை மட்டும் மாற்றினார்கள். 1955, 1956, 1957 ஆண்டுகளின் ஷெவர்லே கார்களுக்கு அடிப்படைக் கூடு ஒன்றே. முகப்புக் கிரில்லும் பின்விளக்கும் குரோமியக் கோடுகளும் மட்டும் வேறு. நூறடி தொலைவில் வரும்போதே மூன்றையும் பிரித்துச் சொல்லலாம். பழங்கார் ஆர்வலர்கள் இன்று பெருமையோடு பயன்படுத்தும் அடையாளங்கள் யாவும், அன்று உரிமையாளரின் மனத்தில் ஒரு சிறு அவமானத்தை ஊட்டுவதற்காக வைக்கப்பட்டவை. ஏர்ல் இதை ஒளிக்கவும் இல்லை. 1930களில் ஒருவர் ஒரு காரைச் சராசரியாக ஐந்தாண்டு வைத்திருந்ததையும், 1950களில் அது இரண்டாண்டாகக் குறைந்ததையும் வெற்றிக் கணக்காகச் சொன்னவர் அவர். அது ஓராண்டாகும்போது தம் பணி முழுமை பெறும் என்றும் கருதினார்.

நேர்எதிர் உதாரணம் நம்மிடமே உண்டு. 1950களின் இறுதியில் பிறந்த அம்பாசிடர், 2014இல் விடைபெறும்வரை ஏறக்குறைய அதே உருவில் வந்தது. அதனால் யாரும் தம் அம்பாசிடரைப் பார்த்து வெட்கப்பட நேரவில்லை. நல்ல காருக்காக ஏங்க மட்டும் நேர்ந்தது. மாற்றமின்மையை நான் புகழவில்லை. போட்டியே இல்லாத சந்தையின் சோம்பல் அது. ஏர்லின் தரப்பிலும் நியாயம் உண்டு. கோடீசுவரர்களுக்காகத் தனியாகக் கட்டப்பட்ட கார்களின் எழிலை, தொழிலாளி வாங்கும் ஷெவர்லேவுக்கு இறக்கிக்கொண்டு வந்தவர் அவர். 1953 ஜனவரியில் நியூயார்க்கில் அவர் காட்டிய கார்வெட் அந்த ஆண்டில் 300 மட்டுமே தயாரானது, எல்லாமே வெள்ளை. எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பெயர் சந்தையில் இருக்கிறது. ஆண்களே மிகுதியாகப் புழங்கிய கூடத்துக்குள் 1950களில் பெண் வடிவமைப்பாளர்களைக் கொண்டுவந்தவரும் அவரே.

ஆனால் அவருடைய கணக்கில் ஒரு செலவு எழுதப்படவே இல்லை. குரோமியத்துக்கும் துடுப்புக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்கிய காலத்தில், மோதலில் பயணியைக் காக்கும் ஏற்பாடுகள் வாசலில் காத்திருந்தன. ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், கூர்த்துடுப்புகள் பாதசாரிகளைக் காயப்படுத்தியதையும், பாதுகாப்பைவிடத் தோற்றத்துக்கு நிறுவனங்கள் முதலிடம் தந்ததையும் அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஏர்லின் எழிலை ரசிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கமும் எனக்கு நினைவுக்கு வருகிறது. அப்படியும் ரசிக்காமல் இருக்க முடிவதில்லை.

அவரைப் பழசாக்கியதும் அவருடைய சொந்த விதிதான். 1956இல் போட்டி நிறுவனமான கிரைஸ்லரின் அடுத்த ஆண்டுக் கார்களை ஏர்லின் இளைஞர்கள் வேலிக்கு வெளியிலிருந்து கண்டார்கள். மெலிந்த கூரை, தெளிந்த கோடுகள். தங்கள் மேசையில் இருந்தவையோ குரோமியத்தில் மூழ்கிய பருத்த உருவங்கள். ஏர்ல் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அவர் திரும்புவதற்குள் அவர்கள் 1959க்கான கார்களைப் புதிதாக வரையத் தொடங்கிவிட்டார்கள். எவரும் எதிர்பாராதபடி அவர் அதை ஏற்றுக்கொண்டார். 65 வயது நிறைந்ததும், 1958 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அவர் பிரிவின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த துடுப்புகளோடு, இரட்டைத் தோட்டா விளக்குகளோடு 1959 கேடிலாக் தெருவுக்கு வந்திருந்தது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு துடுப்பு தேய்ந்து, 1965 கேடிலாக்கில் காணாமல் போயிற்று.

அதற்குள் அது கடல் கடந்திருந்தது. ஜெர்மனியில் மெர்சிடிஸ் கூட 1959இல் அடக்கமான துடுப்பு வைத்தது. இத்தாலியில் ஃபியட் 1100 வைத்துக்கொண்டது. அந்தக் காரை 1960களில் பம்பாயில் பிரீமியர் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியபோது துடுப்பும் கூடவே வந்தது. ஓர் ஆண்டுக்குமேல் நிலைக்கக்கூடாது என்று கருதப்பட்ட ஒரு நாகரிகம், இவ்வாறு மும்பை டாக்சியின் முதுகில் ஒட்டிக்கொண்டு இருபத்தொன்றாம் நூற்றாண்டுக்குள்ளும் நுழைந்தது.

ஏர்ல் 1969 ஏப்ரல் 10 அன்று ஃபுளோரிடாவில் காலமானார். எல்லாரும் ஆண்டுதோறும் கார் மாற்ற வேண்டும் என்று விரும்பிய அவர், தமக்கென வைத்திருந்த கார் 1938இல் உருவான அந்த ஒய்-ஜாப். அதைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தாமே ஓட்டிக்கொண்டிருந்தார்.